ஸ்டாப் பட்டனை அழுத்தியும் மில்லிங் மெஷின் நிற்கவில்லை: ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் எர்த் வேண்டாமா?

வாசகர் எழுதியது

ஒரு எந்திரப் பட்டறையில் ஆறு வருடமாக மின் பராமரிப்பு பார்க்கும் வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். ட்ரில்லிங், மில்லிங், கிரைண்டர், அறுக்கும் மெஷின் என்று நான்கும் சிங்கிள் ஃபேஸ் மெஷின்கள். முன்பு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) வழியாக நேரடி சப்ளை இருந்தது, ஈரமான நாட்களில் அது அடிக்கடி ட்ரிப் ஆகும். இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ வந்து நடுவில் 5 கேவிஏ, 230-க்கு 230 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின் சப்ளையோடு நேரடி வயர் தொடர்பு இல்லாமல் சப்ளையைப் பிரித்துக் கொடுப்பது) ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து ட்ரிப் என்ற பேச்சே இல்லை. அதன் செகண்டரியின், அதாவது மெஷின்களுக்கு சப்ளை போகும் பக்கத்தின், இரண்டு முனைகளில் எதையும் எர்த் செய்யவில்லை. மெஷின் பாடிகளுக்கு எர்த் வயர் இருக்கிறது. கிரைண்டருக்கு மட்டும், ட்ரிப் தொல்லை இருந்த காலத்தில் வெட்டிவிட்டது அப்படியே கிடக்கிறது.

இரண்டு வாரத்துக்கு முன் மில்லிங் மெஷினின் ஸ்டாப் பட்டனை அழுத்தியும் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) நிற்கவில்லை, மெயினை இறக்கித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பட்டனைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் புதிது மாற்றினார், இப்போது நிற்கிறது. அதே வாரத்தில் கிரைண்டரைத் தொட்டபடி பக்கத்து மில்லிங் மேசையில் கை வைத்த இளைஞர் ஒருவருக்குச் சுருக்கென்று ஷாக் அடித்திருக்கிறது. அவர் இனி அந்த இடத்தில் வேலை செய்ய மாட்டேன் என்கிறார். முதலாளியோ, ஐசொலேஷன் இருக்கிறது, முன்னால் ஆர்சிசிபியும் இருக்கிறது, ஷாக் வர வழியே இல்லை என்கிறார். செகண்டரியை எர்த் செய்தால் ஐசொலேஷனே வீண் என்பது ஒரு மூத்த எலக்ட்ரீஷியனின் கருத்து. வாசகர் மீட்டர் வைத்தபோது செகண்டரியின் ஒரு வயரில் எர்த்துக்கு 6 வோல்ட்டும் இன்னொன்றில் 225 வோல்ட்டும் காட்டியிருக்கிறது. "ஒன்று நியூட்ரல், ஒன்று ஃபேஸ், சரியாகத்தானே இருக்கிறது? அப்படியானால் பட்டன்தான் பழுதா? எர்த் செய்வதா, வேண்டாமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

என் பதில்

நண்பரே, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மில்லிங்கையும் கிரைண்டரையும் சப்ளையிலிருந்து பிரித்து, ஐசொலேட்டரில் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பட்டன் வேலை செய்கிறது என்பதை நம்பி ஓட்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 6 வோல்ட், 225 வோல்ட் கணக்குதான். அதை "சரியாகத்தானே இருக்கிறது" என்று படித்தது வழக்கமான சப்ளையில் பழகிய கண். உங்கள் செகண்டரியில் நியூட்ரல் என்று ஒன்று கிடையாது. நியூட்ரல் என்பது யாராவது ஒரு இடத்தில் எர்த்தோடு கட்டி வைத்ததால் உண்டாவது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் யாரும் கட்டவில்லை. எர்த்தோடு ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு வயர்கள் அவை, எனவே நல்ல நிலையில் இரண்டுமே எர்த்துக்கு ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ், 100 முதல் 120 வரை ஏதோ ஒன்றைக் காட்ட வேண்டும். அதுகூட கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் வழியாக மீட்டரில் தெரியும் நிழல் வோல்ட்டேஜ்தான். ஒரு பக்கம் 6-க்கு இறங்கி மறுபக்கம் 225-க்கு ஏறியிருக்கிறது என்றால், அந்த 6 வோல்ட் வயர் உங்கள் பட்டறையில் எங்கோ ஒரு மெஷினின் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். (கெப்பாசிட்டன்ஸ் இரண்டு பக்கமும் ரொம்ப ஏறுமாறாக இருந்தாலும் இப்படிக் காட்டலாம், அதனால் மெகர், அதாவது இன்சுலேஷனை அளக்கும் மீட்டர், வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.) இனி இந்த வயரை 'அ' என்றும் மற்றதை 'ஆ' என்றும் சொல்கிறேன்.

அந்தக் காலத்து எர்த் இல்லாத சப்ளைகளில், ஒரே வாட் அளவுள்ள இரண்டு பல்புகளை இரண்டு வயருக்கும் நடுவில் வரிசையாகக் கட்டி, நடுப்புள்ளியை எர்த்தில் போட்டு வைப்பார்கள். இரண்டும் மங்கலாக ஒன்றுபோல எரிந்தால் நல்லது. ஒன்று அணைந்து மற்றது பளிச்சென்று எரிந்தால், அணைந்த பக்கத்து வயரில் பழுது. உங்கள் பேனலில் அந்தப் பல்புகள் இருந்திருந்தால், எத்தனையோ மாதமாக ஒன்று அணைந்தே கிடந்திருக்கும்.

ட்ரிப் நின்றதற்குக் காரணம்

ஆர்சிசிபி ஒரே ஒரு வேலையைச் செய்கிறது: தன் வழியாகப் போகும் கரண்ட்டும் திரும்பி வரும் கரண்ட்டும் சமமா என்று பார்க்கிறது. எங்கோ எர்த் வழியாகக் கொஞ்சம் கசிந்துபோனால் கணக்கு உதைக்கும், அது விழும். டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பிறகு பிரைமரியில், அதாவது சப்ளை வரும் பக்கத்தில், உள்ள ஆர்சிசிபிக்குத் தெரிவது பிரைமரி வைண்டிங் மட்டுமே. செகண்டரியில் கரண்ட் எந்த வழியாக ஓடினாலும், பிரைமரியில் போவதும் வருவதும் எப்போதும் சமமாகவே இருக்கும். ஒருவர் செகண்டரியின் இரண்டு வயரையும் இரண்டு கையில் பிடித்தால்கூட அந்த ஆர்சிசிபி அசையாது. அது காப்பது டிரான்ஸ்ஃபார்மர் வரையிலான வயரிங்கைத்தான். அதற்காக அது இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள்.

ஆக, ஈரமான நாட்களில் ட்ரிப் ஆகிக்கொண்டிருந்த அந்தக் கசிவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு வருடத்தில் கூடியிருக்கவும் செய்யும். ஒரு மெஷினில் லீக்கேஜ் இருக்கிறது என்று ஆர்சிசிபி நாளும் சொல்லிக்கொண்டிருந்தது, அதைத் தேடிப் பிடிப்பதற்குப் பதிலாகச் சொல்பவனின் பார்வையை மறைத்துவிட்டார்கள். இந்த மாதிரி டிரான்ஸ்ஃபார்மர் "தீர்வுகளை" நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது.

பட்டன் நன்றாக இருந்தும் ஸ்பிண்டில் ஓடியது எப்படி

இதைப் பேப்பரில் வரைந்துகொண்டே படியுங்கள். உங்கள் மில்லிங்கில் தனி கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை, காண்டாக்டரின் (மோட்டாருக்கு சப்ளையைச் சேர்த்துப் பிரிக்கும் காந்த சுவிட்ச்) காயிலும் இதே 230 வோல்ட்டில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 'அ' வயர் ஸ்டாப் பட்டனுக்கு வருகிறது, அங்கிருந்து ஸ்டார்ட் பட்டனும் ஹோல்டிங் கான்டாக்ட்டும் (ஸ்டார்ட்டை விட்ட பிறகும் காண்டாக்டரைப் பிடித்து வைப்பது), பிறகு மேசைக்கு அடியில் இருக்கும் லிமிட் சுவிட்ச் (மேசை எல்லைக்கு வந்தால் திறப்பது), பிறகு காயில், காயிலின் மறுமுனை 'ஆ' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'அ' வயர் வேறொரு மெஷினில், உதாரணத்துக்கு ட்ரில்லிங்கில், பாடியைத் தொடுகிறது. இது முதல் பழுது. கரண்ட் திரும்பி வர வழி இல்லாததால் ஃபியூஸ் போகாது, ஷாக் இல்லை, சத்தம் இல்லை, எதுவுமே தெரியாது. ஆனால் எர்த் வயர் எல்லா பாடிகளையும் இணைப்பதால், மில்லிங்கின் பாடி முழுவதும் இப்போது 'அ' வயராகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் மேசைக்கு அடியில் லிமிட் சுவிட்ச் கேபிளுக்குள் கூலண்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விக்கும் திரவம்) இறங்குகிறது, ஸ்டாப் பட்டனுக்குப் பிறகு வரும் ஒரு வயர் பாடியோடு ஈரத்தில் ஒட்டுகிறது. இது இரண்டாவது பழுது. நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள், அதன் கான்டாக்ட் ஒழுங்காகத் திறக்கிறது, ஆனால் காயிலுக்கு கரண்ட் பட்டனைச் சுற்றிக்கொண்டு மெஷின் பாடி வழியாக வந்துகொண்டே இருக்கிறது. காண்டாக்டர் விடாது. ஹோல்டிங் கான்டாக்ட்டுக்குப் பிறகு ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் அழுத்தாமலேயே மெஷின் கிளம்பவும் கூடும். கட்டரை மாற்ற ஒருவர் கையை உள்ளே வைத்திருக்கும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு உலோகத்தோடு உலோகம் ஒட்டும் முழு ஷார்ட்கூடத் தேவையில்லை. சிறிய ஏசி காண்டாக்டர் ஒன்று இழுத்த பிறகு பிடித்துக்கொண்டிருக்க 8 விஏ அளவே போதும், 230 வோல்ட்டில் அது சுமார் 35 மில்லிஆம்பியர். வோல்ட்டேஜ் நன்றாகக் குறைந்தாலும் அது உடனே விட்டுவிடாது, தரநிலைப்படி 75 சதவீதத்துக்கும் 20 சதவீதத்துக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விடலாம். ஓரிரு கிலோ ஓம் ஈரக்கசிவே காண்டாக்டரைப் பிடித்து வைக்கப் போதுமானது.

பட்டன் மாற்றியதும் சரியானது ஏன்? நீங்கள் பெட்டியைத் திறந்து வயரை அசைத்திருப்பீர்கள், மெயின் இறங்கியிருந்த நேரத்தில் ஈரம் வடிந்திருக்கும். கூலண்ட் திரும்ப இறங்கும் நாளில் புதுப் பட்டனும் அதேபோல வேலை செய்யாது.

கிரைண்டரின் கதையும் இதே கதைதான். 'அ' எர்த்தோடு ஒட்டியிருப்பதால் 'ஆ' வயர் இப்போது எர்த்துக்கு முழு 225 வோல்ட்டில் நிற்கிறது. கிரைண்டருக்குள் 'ஆ' பக்கத்திலிருந்து கொஞ்சம் கசிவு இருந்து, அதன் எர்த் வயரும் வெட்டப்பட்டிருந்தால், பாடி அந்த வோல்ட்டேஜை நோக்கி ஏறும். ஒரு கை கிரைண்டரில், மறு கை எர்த் ஆன மில்லிங் மேசையில் வைத்த அந்த இளைஞரின் நெஞ்சு வழியாகத்தான் கரண்ட் போயிருக்கிறது. அரை மில்லிஆம்பியரிலேயே மனிதனுக்கு உறைக்கும், 10 மில்லிஆம்பியர் அளவுக்கு வந்தால் பிடித்த கையை விட முடியாது. இரண்டுக்கும் நடுவில் அவரைக் காப்பாற்றியது கிரைண்டருக்குள் மிச்சமிருக்கும் இன்சுலேஷன் மட்டுமே. அவர் சொல்வதை நம்புங்கள்.

மூத்தவர் சொல்வதில் எவ்வளவு உண்மை

செகண்டரியை எர்த் செய்தால் ஐசொலேஷனின் பலன் போய்விடும் என்று அவர் சொல்வது, ஒரே ஒரு கருவிக்கு சப்ளை கொடுக்கும்போது நியாயம். குளியலறை ஷேவர் சாக்கெட், ரிப்பேர் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவி, இவற்றுக்கு எர்த் இல்லாத சப்ளை நல்ல காவல், ஒரு வயரைத் தொட்டாலும் திரும்பும் வழி கிடையாது. ஆனால் நான்கு மெஷின், நீள நீளமாக கேபிள், கூலண்ட், உலோகத் தூள் என்று வந்தபிறகு ஏதோ ஒரு வயர் எப்போதோ ஒரு நாள் பாடியைத் தொடத்தான் செய்யும். தொட்ட அந்த நொடியே நீங்கள் நம்பியிருக்கும் ஐசொலேஷன் போய்விட்டது, போனது தெரியாது என்பதுதான் கொடுமை. உங்கள் பட்டறையில் அது ஏற்கனவே போய்விட்டது.

மெஷின்களின் மின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 60204-1. கண்ட்ரோல் சர்க்யூட்டில் எர்த் ஃபால்ட் வந்தால் மெஷின் தானாகக் கிளம்பக்கூடாது, நிற்பதும் தடைபடக்கூடாது என்று அது சொல்கிறது. அதற்கு உங்களுக்குப் பொருந்தும் வழிகள் இரண்டு.

ஒன்று, செகண்டரியின் ஒரு முனையை எர்த் செய்வது. பிறகு பாடியில் மறு வயர் பட்டால் முதல் பழுதிலேயே எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் பிரேக்கர்) விழும். 5 கேவிஏ-க்கு செகண்டரி கரண்ட் 21.7 ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் (உள் தடை) 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஷார்ட்டில் 540 ஆம்பியர் அளவுக்குக் கிடைக்கும். 'சி' வகை 20 ஆம்பியர் எம்சிபி உடனே விழ அதிகபட்சம் 200 போதும், எனவே பிரச்சினை இல்லை. அதோடு ஒவ்வொரு மெஷினுக்கும் செகண்டரி பக்கத்தில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டால், இப்போது அது உண்மையாகவே வேலை செய்யும்.

இரண்டாவது, எர்த் செய்யாமலே விட்டு, இன்சுலேஷன் மானிட்டர் ஒன்றைப் போடுவது. எர்த்துக்கான இன்சுலேஷன் குறைந்தால் அது அலாரம் அடிக்கும். ஆபரேஷன் தியேட்டர்களில் இப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் அங்கே முதல் பழுதில் சப்ளை போய்விடக்கூடாது. வோல்ட்டுக்கு 100 ஓம் என்று வைத்தால் உங்களுக்கு 23 கிலோ ஓமில் எச்சரிக்கும். நல்ல முறைதான், ஆனால் அலாரம் அடித்த அன்றே பழுதைத் தேடிச் சரிசெய்யும் ஒழுக்கம் இருக்கும் இடத்துக்கு மட்டும். எர்த் வயரையே வெட்டிப் போட்டு வருடக்கணக்கில் விட்டிருக்கும் இடத்தில் அந்த அலாரத்தின் வயரையும் வெட்டிவிடுவார்கள் என்பது என் பயம். நீங்கள் கேட்பதால் வெளிப்படையாகச் சொல்கிறேன், முதல் வழிக்கே போங்கள்.

ஆனால் எந்த முனையை எர்த் செய்வது?

இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். ஏதோ ஒரு முனையை எடுத்து எர்த்தில் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எர்த் ஆகும் வயர், எல்லா காயில்களின் பொது முனையாக இருக்க வேண்டும். ஸ்டாப், ஸ்டார்ட், லிமிட் சுவிட்ச் எல்லாமே எர்த் ஆகாத வயரின் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் பட்டனுக்குப் பிந்தைய வயர் பாடியில் பட்டால் எம்சிபி விழுந்து காண்டாக்டர் விட்டுவிடும். தலைகீழாக, பட்டன் இருக்கும் பக்கத்தை எர்த் செய்துவிட்டால், முதல் பழுதாக நான் மேலே சொன்னதை நீங்களே நிரந்தரமாக உண்டாக்கி வைத்த மாதிரி ஆகிவிடும், பிறகு ஒரே ஒரு பழுதிலேயே மெஷின் தானாகக் கிளம்பும்.

என் ஊகம் சரியென்றால் உங்கள் மில்லிங்கில் பட்டன் 'அ' பக்கம் இருக்கிறது. அதனால் எர்த் ஆக வேண்டியது 'ஆ'. மீட்டரில் 6 காட்டுகிறதே என்று 'அ'-வைப் போய்க் கட்டிவிடாதீர்கள். மற்ற மூன்று மெஷினிலும் எந்த வயர் எங்கே போகிறது என்று டெர்மினல் டெர்மினலாகப் பாருங்கள். எர்த் இல்லாத சப்ளையில் மாட்டியவர்கள் பக்கம் பார்த்து மாட்டியிருக்க மாட்டார்கள், மாறி இருக்கும் மெஷினில் சப்ளை வயர் இரண்டையும் மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

எர்த் இணைப்பு ஒரே இடத்தில், டிரான்ஸ்ஃபார்மர் டெர்மினலில், ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கட்டும். மெஷின் பக்கத்தில் இன்னொரு இணைப்பு போட்டால் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழும், மறுபடியும் யாராவது அதைக் கழற்றிப்போட ஒரு சாக்கு கிடைத்துவிடும். சிங்கிள் போல் எம்சிபி இருந்தால் அது எர்த் ஆகாத வயரில்தான் வர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் பாடிக்கும் எர்த் உண்டா என்று பாருங்கள்.

வரிசை இதுதான். சப்ளையைப் பிரித்துப் பூட்டி, நான்கு மெஷினையும் தனித்தனியாகக் கழற்றி, எலக்ட்ரானிக் பாகங்களைப் பிரித்துவிட்டு, 500 வோல்ட் டிசி மெகர் வையுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் மெஷின் உங்கள் குற்றவாளி. பழுதைச் சரிசெய்து, ஒவ்வொரு பாடியின் எர்த் தொடர்ச்சியையும் அளந்து, அதன் பிறகே செகண்டரி எர்த் இணைப்பு. முடிந்ததும் ஆர்சிசிபிகளை டெஸ்ட் பட்டனில் மட்டும் பார்க்காமல் மெஷின் பக்கத்தில் டெஸ்டர் வைத்தும் பாருங்கள். செகண்டரி எர்த் அமைப்பை மாற்றுவது உங்கள் இடத்தில் உரிமம் பெற்றவர் கையெழுத்திட வேண்டிய வேலையாக இருக்கலாம், அப்படியானால் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

அந்த இளைஞரைப் பற்றி

அவர் வேலை செய்ய மறுப்பதை முதலாளி ஒழுங்கீனமாகப் பார்க்கக்கூடாது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி விலகும் தொழிலாளிக்கு அதனால் பாதகம் வராமல் பாதுகாப்பு தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கை 13-ஆம் பிரிவில் சொல்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது மாறும். ஆனால் அவரிடம் காரணம் இருக்கிறது, அதற்குச் சாட்சியாக உங்கள் மீட்டர் அளவும் இருக்கிறது. நடந்த இரண்டு சம்பவங்களையும் தேதியோடு, அளவுகளோடு எழுதி முதலாளியிடம் கொடுத்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அது பாதுகாப்பு, நாளை ஏதாவது நடந்தால் முதலில் கேள்வி வருவது பராமரிப்பு பார்ப்பவரிடம்தான்.

முதலாளியிடம் பேசும்போது அவர் செய்தது தவறு என்று ஆரம்பிக்காதீர்கள். ட்ரிப் நின்றது அவருக்கு உண்மையான நிம்மதி, அதற்கு அவர் காசும் செலவழித்திருக்கிறார். அந்த டிரான்ஸ்ஃபார்மரை எடுக்க வேண்டியதில்லை, அதில் ஒரு இணைப்பும் சில ஆர்சிசிபிகளும் சேர்த்தால் போதும் என்று சொல்லுங்கள். பழைய பட்டனைத் தூக்கி எறிந்திருக்காவிட்டால் அதையும் மீட்டரையும் கொண்டுபோய், அது ஒழுங்காகத் திறப்பதை அவர் கண்ணெதிரே காட்டுங்கள். அப்படியென்றால் மெஷின் எப்படி ஓடியது என்று அவரே கேட்பார்.

கடைசியாக, கிரைண்டரின் வெட்டிய எர்த் வயரை இன்றே எடுத்து மாட்டிவிடலாம் என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கும். மெகர் பார்க்காமல் மாட்டி சப்ளை கொடுக்காதீர்கள். அதற்குள் இருக்கும் 'ஆ' பக்கப் பழுதும் வேறு மெஷினில் இருக்கும் 'அ' பக்கப் பழுதும் எர்த் வயர் வழியாக ஒன்றோடு ஒன்று சேர்ந்தால், பழுது எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த இடத்திலேயே ஷார்ட் அடிக்கலாம். முதலில் கிரைண்டரை அளந்து, சரிசெய்து, அப்புறம் எர்த், அப்புறம் சப்ளை. அளவுகளை எழுதி அனுப்புங்கள், குறிப்பாக எந்த மெஷினைக் கழற்றியபோது அந்த 6 வோல்ட் மேலே ஏறியது என்பதை.